செவ்வாய்க்கிழமை யார் பெண் காட்டுவார்கள்?

சில வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். போர்வெல் வண்டியில் எனக்கு வேலை. எட்டாவதோடு படிப்பு நின்றது. அப்பா, அம்மா இல்லை. வண்டி நிற்கிற ஊர்தான் வீடு. அதனாலேயே இரண்டு இடத்தில் பெண் தர மறுத்துவிட்டார்கள். வளவனூரில் ஒரு குடும்பம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாலை வந்து பார்க்கச் சொல்லியிருந்தது. எங்கள் டிரைவர் அண்ணன் கூட வருவதாகப் பேச்சு.

இதற்கிடையில் பெண்ணின் அக்கா இங்கிலீஷில் மெசேஜ் அனுப்பினார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு நாள் ‘ப்ரீபோன்’ என்று இருந்தது. எங்கள் தொழிலில் மழை வந்தாலும், மோட்டார் கெட்டாலும் தேதி பின்னால்தான் போகும். முன்னால் வா என்று யாரும் கூப்பிட்டதில்லை. செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து, சரி என்று பதில் போட்டேன்.

பக்கத்து சீட்டில் இருந்தவர் மருந்து கம்பெனி ஆள், டாக்டர்களைப் பார்த்து மருந்து பற்றிப் பேசுகிற வேலை. கல்யாணம் ஆச்சா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

“செவ்வாக்கெழம யாருப்பா பொண்ணு காட்டுவாங்க? போனைக் குடு” என்றார். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். “ப்ரீபோன்னா முன்னாடியே வான்னு அர்த்தம்பா! இன்னிக்கு சாயந்திரம்! அங்க பலகாரம் சுட்டுக்கினு இருப்பாங்க, நீ இங்க காத்து வாங்கிக்கினு வர்ற!”

டிரைவர் அண்ணன் வேறு ஊரில் வேலையில் இருந்தார். பெண் பார்க்கத் தனியாகப் போனால் ஆளில்லாதவன் என்றுதானே நினைப்பார்கள்?

“தனியா ஏன் போற? நான் வர்றேன். டாக்டரை நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றவர், போனில் கம்பெனிக்கும் சொல்லிவிட்டார். விழுப்புரத்தில் இறங்கி, பூவும் பழமும் வாங்கினார். என்னை முகம் கழுவ வைத்தார்.

வளவனூரில் பெண் வீட்டுக்குள் நுழைந்தபோது, என் மாமா என்று பொய் சொல்லப்போகிறார் என்று பயந்தேன். அவரோ, “இவரை எனக்கு ஒரு பஸ் நேரந்தாங்க தெரியும். ஆனா அதுக்குள்ளயே கூட வரணும்னு தோணுச்சு” என்று நடந்ததை அப்படியே சொன்னார். கூடம் முழுக்கச் சிரிப்பு. உள்ளே கதவருகிலும் ஒரு சிரிப்பு கேட்டது.

அந்தச் சிரிப்புக்காரிதான் இன்று என் மனைவி. அந்த மருந்து கம்பெனிக்காரர்தான் எங்கள் கல்யாணத்தில் மாமன் முறைக்கு நின்றார்.

வண்டியோடு வெளியூர் போனால், ‘ப்ரீபோன்’ என்று மனைவியிடமிருந்து ஒற்றைச் சொல்லில் மெசேஜ் வரும். நம்மைச் சீக்கிரம் வரச் சொல்ல ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, எந்த ஊரில் நின்றாலும் அப்போது தோன்றுகிறது.