மைனஸ் காட்டிய பெட்டி

வெண்டைக்காய் வாங்கினால்கூடத் தராசை முதலில் வெறுமையாகக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் நிறுக்கச் சொல்வேன். கணக்கு டீச்சர் என்பதால் வந்த குணம் என்று பள்ளிக்கூடத்தில் கிண்டல் செய்வார்கள். இல்லை, அதற்கு முன்பே இருந்தது. அதனால் மாடியில் சோலார் போட்டு மூன்று மாதமாகியும் கரண்ட் பில் நான் நினைத்த அளவுக்கு இறங்கவில்லை என்றதும், போட்டுக்கொடுத்தவர்கள் என் தலையில் மிளகாய் அரைத்துவிட்டார்கள் என்று தீர்மானித்துவிட்டேன்.

சோலார் போட்டதே என் கணவருக்காகத்தான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், பஞ்சை உடைக்கிற பகுதியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். தூசி நுரையீரலில் படிந்து, இப்போது நாள் முழுக்கக் கரண்ட்டில் ஓடுகிற ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் முடியாது. மூக்கில் குழாயோடு இரவும் பகலும் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும், நீங்களாக நிறுத்தக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய்விட்டால் சாயந்தரம்வரை வீட்டில் அவரும் மிஷினும்தான்.

பேனல் எவ்வளவு தருகிறது, வீடு எவ்வளவு தின்கிறது என்று காட்ட ஒரு மானிட்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டு எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். கடை பாய் மூன்றை எடுத்து வைத்தார். எல்லாமே மெயின் வயரில் வளையல் போல மாட்டுகிற கிளாம்ப்தான். ஒன்று ரூம் ரூமாகப் பிரித்துக் காட்டும். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு அது எதற்கு. இன்னொன்று போனில் மட்டும் காட்டும்.

“இத எடுங்க டீச்சர். சீவில்லிபுத்தூர்ல இருந்தே வீட்டுக் கரண்டப் பாத்துக்கிடலாம்.”

“நான் பாக்கது சரி. வேற யாரெல்லாம் பாப்பாக?”

“உங்க வீட்டு மிக்ஸி ஓடுறத யாரு டீச்சர் பாக்கப் போறா?” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. வீடு பூட்டிக் கிடக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று முகம் தெரியாத எவனுக்கோ நாமே படம் போட்டுக் கொடுப்பதா? மூன்றாவதை எடுத்தேன். அதற்கு இன்டர்நெட் வேண்டாம். சுவரில் மாட்டுகிற கையகலத் திரை. வீடு தின்றது போக மிச்சம் அன்று எவ்வளவு வெளியே தெரு லைனுக்குப் போய்ப் பில்லில் கழிந்தது என்று, மைனஸ் போட்ட எண் பெரிதாக நிற்கும். பட்டனை அழுத்தினால் வீடு தின்றது கோடாக வரும். எலக்ட்ரீசியன் அதைக் கூடத்தில், என் கணவரின் நாற்காலிக்கு நேரெதிரே மாட்டினார். இடத்தைக் காட்டியது நான்தான்.

ஒரு வாரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. பேனல் சொன்னபடிதான் தந்துகொண்டிருந்தது. ராத்திரியில் பேனலுக்கு வேலை இல்லை, மிஷினுக்கு உண்டு. அது தெருக் கரண்ட்டை இழுத்தது. “திங்கது எல்லாம் இந்த மிஷின்தான் போல” என்று அவர் காதுபடவே சொன்னேன். சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனதில் உள்ளூரக் கொஞ்சம் வருத்தம். ஆனால் மைனஸ் பிடித்துப்போனது. செருப்பைக் கழற்றும்போதே, “இன்னைக்கு மைனஸ் எம்புட்டு?” என்பேன். எண் கூடினால் என் முகம் மலர்வது எனக்கே தெரியும்.

அடுத்த மாதம் ஒருநாள் பட்டனை அழுத்திக் கோட்டைப் பார்த்தேன். மிஷின் ஓடும்வரை அது ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்காது. பதினொரு மணியிலிருந்து மூன்றுவரை தரையில் கிடந்தது. முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும்.

கரண்ட் போனதா என்று அவரைக் கேட்டேன். இல்லை என்றார். கிளாம்ப் கழன்றிருக்குமோ என்று எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்றார். அப்படியானால் என் வீட்டுக்காரர்தான். குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு மில் சேக்காளிகளோடு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், கையில் பீடிகூட இருக்கலாம் என்று முடிவுகட்டினேன். துவைக்கப் போட்ட சட்டையை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்று கேட்டைச் சத்தமில்லாமல் திறந்தேன்.

அவர் எங்கும் போகவில்லை. நாற்காலியில்தான் இருந்தார். மிஷின் நின்றிருந்தது, ஃபேன்கூட ஓடவில்லை. முட்டியில் கையை ஊன்றி, வாயைத் திறந்து இழுத்து இழுத்து மூச்சு விட்டபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. ஓடிப்போய் மிஷினைப் போட்டுக் குழாயை மாட்டினேன்.

அவருக்குப் பேச்சு வர நேரமானது. “நாலு மணி நேரந்தான். வெயில் நல்லா இருக்கப்ப நிறுத்துனா அம்புட்டும் வெளிய போகுது. நீ வாரப்ப எண்ணு பெருசா இருக்கும்.”

“உங்கள யாரு நிறுத்தச் சொன்னா?”

“யாரும் சொல்லல. வீட்டுக்குள்ள வந்ததும் நீ என் மூஞ்சியவா பாக்க? அதத்தான பாக்க.”

குறை சொல்கிற குரலே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள், என் வாயை ஒருநாளும் சந்தேகப்படவில்லை.

அன்று சாயந்தரமே திரையைக் கழற்றினேன். கடைக்குப் போய், வேண்டாமென்று தள்ளிய அந்தப் போன் மானிட்டரை வாங்கினேன்.

இப்போது பதினொரு மணி இன்டர்வெல்லில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறேன். மைனஸை அல்ல, மிஷின் தின்கிறதா என்று. எண் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என் புத்தி போகுமா? மிஷினை நிறுத்திவிட்டு அதே அளவுக்கு வேறு எதையாவது ஓட்டி வைத்திருக்கிறாரோ என்று தோன்றும். உடனே அவருக்குப் போன் போடுவேன்.

“மிஷின் பக்கத்துல போன வைங்க.”

“வச்சிருக்கேன். கேக்குதா?”

குர்ரென்ற சத்தம் கேட்கும். பிறகு எனக்காகவே போனருகில் வந்து ஒரு மூச்சை நன்றாக இழுத்து விடுவார். மற்ற டீச்சர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“இன்னொருக்க” என்பேன்.