ஸ்டோக்லாசா வீட்டுக் குச்செரா

குச்செரா என்றால் சுருட்டை முடிக்காரன். என்றைக்கோ ஒருவனின் தலையைப் பார்த்து வைத்த பெயர், பரம்பரைப் பெயர் கட்டாயம் என்று அரசாங்கம் சொன்னதும் பிள்ளை பேரன்களோடு ஒட்டிக்கொண்டது. செக் நாடெங்கும் குச்செராக்கள் கொட்டிக் கிடக்கிறார்கள். மொராவியாவின் இந்த மலையடிக் கிராமத்தில் மட்டும் நாற்பத்தொரு வீடு. ரடோவான் குச்செராவுக்கு முப்பது வயதிலேயே வழுக்கை. அதற்கு அவன் கோபப்பட்டதில்லை. கோபமெல்லாம் கூரைப் பெயர் மேல்தான்.

இத்தனை குச்செராக்களைப் பிரித்துச் சொல்ல ஊருக்கு ஒரே வழி, வீடு. யார் குடிவந்தாலும் அந்தக் கூரையின் பழைய பெயர் அவர் தலையில் ஏறிவிடும். இது தெரிந்திருந்தும் ரடோவான், பால் லாரி ஓட்டிச் சேர்த்த பணத்தில் ஸ்டோக்லாசாவின் வீட்டை ஏலத்தில் எடுத்தான். கம்யூனிஸ்ட் ஆட்சியில் கூட்டுப் பண்ணைத் தலைவராக இருந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் அவன் அப்பா அலோயிஸின் நிலத்தையும் இரண்டு குதிரைகளையும் பிடுங்கிய ஸ்டோக்லாசா. பழி தீர்ந்தது என்று ஓர் இரவு நிம்மதியாகத் தூங்கினான். காலையில் ரொட்டிக் கடையில், "வாங்க ஸ்டோக்லாசா!" என்றார்கள். அப்பா பக்கத்து ஊர் முதியோர் இல்லத்திலேயே இருந்தார்; சாகும்வரை அந்த வாசலை மிதிக்கவில்லை.

அவர் செத்த அன்று, தெருக் கம்பங்களில் கட்டிய ஊர் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்ல ஊராட்சி அலுவலகத்துக்குப் போனான். எழுத்தர் பிளஜெனா அவனோடு பள்ளியில் படித்தவள்.

"அலோயிஸ் குச்செரான்னு மட்டும் வாசி."

"எந்த அலோயிஸ்ப்பா? உயிரோட மூணு பேர் இருக்காங்க. மத்தியானத்துக்குள்ள மூணு வீட்டுக்கும் மலர்வளையம் போயிடும்."

"குளக்கரை வீடுன்னு வாசி. அவர் பொறந்த வீடு."

"அதுல இப்ப இருக்கிறவரும் அலோயிஸ்தான். இப்பதான் ரொட்டி வாங்கிட்டுப் போறார். அவரைக் கொன்னுடச் சொல்றியா? ஸ்டோக்லாசா வீட்டு ரடோவானோட அப்பான்னு சொன்னா சின்னப் பிள்ளைக்கும் புரியும்."

அவன் அறைந்த அறையில் மேசை மேலிருந்த ரப்பர் முத்திரைகள் துள்ளின. "அவரை அழிச்சவன் பேரைச் சொல்லியா அவரைப் புதைப்பீங்க?"

"ஏன் கத்துற? பேரு நானா வச்சேன்?"

"தள்ளு. நானே பேசுறேன்."

"ஸ்டோக்லாசா மக எதிர்த் தெருவுல இருக்கா. பார்த்துப் பேசு."

"அவ கேக்கணும்னுதான் பேசுறேன்."

அறிவிப்புக்கு முன் வழக்கமாகப் போடும் பேண்டு வாத்திய இசை முடிந்ததும் கம்பத்துக்குக் கம்பம் அவன் குரல் கேட்டது. "ஐம்பத்திரண்டுல ஸ்டோக்லாசா ரெண்டு குதிரையை ஓட்டிக்கிட்டுப் போனானே, அந்தக் குதிரைங்களோட சொந்தக்காரர் அலோயிஸ் குச்செரா செத்துட்டார். வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு அடக்கம். அன்னைக்கு ஜன்னல் திரைக்குப் பின்னால நின்னு வேடிக்கை பார்த்தவங்களும் வரலாம்."

ஒருவருக்கும் ஆள் குழப்பம் வரவில்லை. தேவாலயம் கொள்ளாத கூட்டம். ஜன்னல் திரை விவகாரத்தால் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்து மதுக்கடையில் பிளம் சாராயம் ஊற்றும்போது, பக்கத்து வீட்டு யரோலிம் கண் கலங்கி அவன் தோளைத் தட்டினார். "நல்லா கேட்டே, ஸ்டோக்லாசா. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டே."

ரடோவான் கோப்பையை வைத்தான். "அந்த வீட்டை இடிச்சுத் தரைமட்டமாக்கிடுறேன். அப்ப என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

யரோலிம் நிஜமாகவே யோசித்தார். "இடம் அங்கதானேப்பா இருக்கும்."