கொடுக்கப் போன வாழைத்தார்

மகளின் பிறந்தநாளுக்கு ஒரு தார் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு, குமணன்சாவடிக் கோயில் அன்னதானத்துக்குப் போனேன். "உன் கையாலயே குடுப்பா" என்று சொல்லித்தான் மகள் அனுப்பினாள். யாரிடம் கேட்டுக் கொடுப்பது என்று தெரியாமல், கூச்சத்தில் ஓரமாக நின்றேன்.

பரிமாறிய அக்கா, "இன்னா அண்ணாத்தே, நின்னுகினே கீறே? குந்து" என்று என்னைப் பந்தியில் உட்காரவைத்து இலை போட்டுவிட்டார். தாரை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

பக்கத்தில் சாப்பிட்ட லாரி டிரைவர், "அத்தினியும் நீயே துன்னப் போறியா நைனா?" என்றார். பந்தியே சிரித்தது.

"எல்லாருக்கும்தான்" என்று முனகினேன்.

அவரே தாரை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். கடைசிப் பழத்தை என் கையில் வைத்து, "வெக்கப்படாத, துன்னு" என்றார்.

வீட்டில் மகள், "உன் கையால குடுத்தியா?" என்றாள்.

"இல்லம்மா, வாங்கிக்கினேன்."

வாங்கும்போது தலை தானாகக் குனியும் என்று அன்றுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் கொடுக்கப் போனால், முதலில் வாங்குகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.