இத்தா வீட்டில் நடந்த வகுப்பு

கண்டியிலிருந்து மாதர் சங்கத்தார் முதன்முதலாக எங்கள் ஊருக்கு வந்த அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வந்தவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன். நல்ல காரியத்துக்குத்தான் வந்தார்கள். வந்த நேரம்தான் என் வயிற்றில் அடித்தது. என் கணவர் காய்ச்சலில் மவுத்தாகி ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. நான் இத்தா இருந்தேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மார்க்கத்தில் புருஷன் இறந்தால் பெண்டாட்டி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்க மாட்டாள். நகையைக் கழற்றிவிட்டு, வெள்ளை உடுத்தி, அன்னிய ஆண்களின் கண்ணில் படாமல் உள்ளறையில் இருப்பாள். அதைத்தான் இத்தா என்போம். அதைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. அடிபட்ட உடம்புக்கும் மனசுக்கும் அப்படி ஓர் ஓய்வு வேண்டியதுதான். ஆனால் என் தலைவிதி, அதே நாலு மாதம்தான் சங்கத்தாரின் வகுப்பும் நடக்கப் போகிறது என்றார்கள்.

திகனயிலிருந்து உள்ளே போகும் வண்டிப் பாதையில் இருந்தது எங்கள் ஊர். மிளகும் பாக்கும் கொஞ்சம் வயலும், மற்றபடி கடை கண்ணி வைத்திருந்த ஆண்களும்தான். சங்கத்துப் பெண்கள் அதற்கு முன்பே சுற்றியிருந்த சிங்கள ஊர்களுக்குப் போய் வேலை செய்திருந்தார்கள். கக்கூஸுக்குக் குழி வெட்ட வைத்தார்கள், வீட்டுக்கு வீடு முருங்கையும் பப்பாசியும் நட வைத்தார்கள், காய்ச்சல்காரரைப் பார்த்துக்கொள்ளவும் பிள்ளை வளர்க்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். சம்பளம் வாங்காமல் வெயிலில் அலைந்தார்கள். "டவுன் நோனாமார் நமக்குக் குழி வெட்டப் படிச்சிக் குடுக்க வந்தீக்கிறாங்க" என்று எங்கள் ஆண்கள் அந்தச் சீமாட்டிகளைக் கேலி பேசினார்கள். பேசிவிட்டு வெட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

வகுப்பு வியாழக்கிழமை தோறும், பள்ளிக்கூடம் விட்ட பிறகு, பள்ளிக்கூடத்து மண்டபத்தில். முடிவில் ஊர்ப் பெண்களில் ஒருத்தியைச் சங்கம் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும். அவள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளையும் குழந்தைகளையும் பார்க்க வேண்டும், காய்ச்சல் கண்டால் கண்டிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். வகுப்பில் உட்காராதவளுக்கு அந்த வேலை கிடையாது. இதை அடுத்த வீட்டு மாமி வேலிக்கு மேலால் கத்திச் சொன்னபோது நான் உள்ளறையில் பாயில் கிடந்தேன். எழுந்து சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஏன் அப்படி என்றால், அதற்கு முந்தின நாள்தான் என் மச்சான் வந்து போயிருந்தார். கணவரின் மூத்த சகோதரர். பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன். அவருக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை. எனக்கோ மூன்று வயதில் ஒரு மகள். திரைக்கு அந்தப் பக்கம் கதிரையில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னார்:

"தங்கச்சி, மனசத் தேத்திக்கோங்க. இத்தா முடிஞ்சதும் புள்ளைய நாங்க கூட்டிட்டுப் போறோம். எங்கட புள்ளயா வளரும். நீங்க மாத்தளைக்கி நானாட வீட்டுக்குப் போய் இருங்க. வாலிபப் பொம்பள, மத்ததெல்லாம் அல்லாஹ் பாத்துக்குவான்."

மத்ததெல்லாம் என்றால் மறு கல்யாணம். என் அண்ணனுக்கு, அதாவது நானாவுக்கு, வீடு நிறையப் பிள்ளைகள். தனி ஆளாகப் போனால் எனக்கு ஒரு மூலை கிடைக்கும். பிள்ளையோடு போனால் அந்த மூலையும் நெருக்கடிதான். எனக்கு வருமானமும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. மச்சான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மகள் என் மடியில் கிடந்து திரையின் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் வகுப்பு முடிந்ததும் மாமி நேரே என்னிடம் வந்தாள். எனக்கும் அவளுக்கும் ஆகாது. அவளுடைய கோழி என் கீரையைத் தின்னும், என் பலாவின் சருகு அவள் முற்றத்தில் விழும், இதை வைத்தே வருஷக்கணக்காகச் சண்டை. மவுத் நடந்த வீடு என்பதால் அந்தச் சண்டையெல்லாம் ஓய்ந்திருந்தது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, வாத்தியார் மாதிரிக் குந்தினாள்.

"ஒனக்குந்தான் படிச்சிட்டு வந்தேன். கேட்டுக்கோ. புள்ளயக் கொதிச்ச தண்ணியில குளிப்பாட்டணுமாம்."

"என்னத்த?"

"கொதிச்ச தண்ணிடி. அந்தச் சங்கத்து டீச்சர்தான் செல்லிச்சி."

"குளிப்பாட்டிட்டு உப்பு, மிளகு போடவும் செல்லிச்சா?" என்றேன். இத்தாவில் இருக்கிறவள் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீர் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். ஆறவிடச் சொன்ன நேரத்தில் மாமி பக்கத்திலிருந்தவளோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அடுத்த வியாழனும் இதே கூத்துத்தான். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் கொடுக்கும் கஞ்சித் தண்ணீரில் சீனிக்கும் உப்புக்கும் அளவை மாற்றிச் சொன்னாள். "இப்படியே நீங்க படிச்சிக் குடுத்தா இந்த ஊர்ல ஒரு புள்ள மிஞ்சாது மாமி" என்று நான் சொன்னதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போய்விட்டாள். சரி, இனி அவளும் வரமாட்டாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது வியாழன் பின்னேரம் என் வீட்டுப் பின்வாசலால் ஒருத்தி வந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கைக்குழந்தையோடு ஒருத்தி. கொஞ்ச நேரத்தில் உள்ளறையில் கால் வைக்க இடமில்லை. மாமி பாய்களை விரித்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன மாமி?"

"இத்தா ஈக்கிறவ வெளியே எறங்கத்தான் ஏலாது. நாங்க உள்ள வரலாந்தானே!"

அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த நேரத்தில் டீச்சர் பள்ளிக்கூடத்தில் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு சங்க வேலைக்காக பஸ் ஏறி வருகிறவர். மண்டபம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து, ஊர் ஆண்கள் தடுத்துவிட்டார்கள் என்றே நினைத்தாராம். சின்னப் பிள்ளைகளின் வாங்குப் பலகையில் குந்தி அழுகை வந்துவிட்டது என்று பிறகு என்னிடம் சொல்லியிருக்கிறார். அப்போது பள்ளிக்கூடத்து வேலிப் பக்கமிருந்து மாமியின் சத்தம் கேட்டிருக்கிறது. "டீச்சர்! அங்க குந்திக்கிட்டு என்ன செய்றீங்க? வகுப்பு இங்க ஈக்கி, வாங்க!"

வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றார்.

"நான் வேற சமயம். துக்க வீட்டில இந்த நேரம் உள்ளுக்கு வந்தால் பிழையோ? உண்மையைச் சொல்லுங்கோ, நான் போயிட்டு வாறன்."

வயதான ஒருத்தி ஏதோ முணுமுணுத்தாள். மாமி உடனே பாய்ந்தாள். "லெப்பையிட்டக் கேட்டுட்டேன். பொம்பளைக்குப் பொம்பள நல்லது படிச்சிக் குடுத்தா என்ன குத்தம் எண்டு செல்லிட்டாரு." பள்ளிவாசல் லெப்பை அப்படிச் சொன்ன பிறகு யார் வாய் திறப்பார்கள்? டீச்சர் வந்து பாயில் உட்கார்ந்தார். மாமி அதுவரை லெப்பையைக் கேட்கவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். வகுப்பு முடிந்த பின் ஓட்டமாக ஓடிக் கேட்டிருக்கிறாள். நல்ல காலம், அந்த மனிதர் அதையேதான் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்.

டீச்சர் பழக்கிக் காட்டுவதற்கு ஒரு துணிப் பொம்மை கொண்டுவருவார். எங்கள் வீட்டில் அதற்கு வேலை இல்லாமல் போனது. என் மகள்தான் பாடம். ஒரு வியாழன் அவளைக் குளிப்பாட்டுவார்கள், ஒரு வியாழன் காதும் நகமும் பார்ப்பார்கள், ஒரு வியாழன் காய்ச்சல்காரி என்று கிடத்தி ஈரத்துணி போடுவார்கள். அவளும் கண்ணை மூடிக்கொண்டு நன்றாக முனகுவாள். ஆளுக்கொருத்தி தூக்கித் தூக்கி, அவள் யார் மடியில் இருக்கிறாள் என்று நான் தேட வேண்டியிருக்கும். நானும் படித்தேன். தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் டீச்சர் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தைக் கிழமை முழுக்க உருப்போட்டேன். அடுத்த வகுப்புக்கு முன்னால் மாமி வந்து பாடம் கேட்பாள். நான் சொல்லிக் கொடுப்பேன், அவள் என்னோடு சண்டை பிடிப்பாள்.

வகுப்பு முடியும் காலத்தில் சங்கத் தலைவி நோனா காரில் வந்து இறங்கினார். டீச்சர் பாயை விட்டு எழுந்து கைகட்டி நின்றார். வகுப்பைப் பொது இடத்தில்தான் நடத்த வேண்டும் என்பது சங்கத்தின் சட்டமாம், இவர் அதை மீறிவிட்டாராம். நோனா பாயில் கால் மடக்கி உட்காரச் சிரமப்பட்டார். எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னதை டீச்சர் எங்களுக்குச் சொன்னார்: "இத்தினை பேர் இருக்கிற இடம் பொது இடம் இல்லாமல் வேறென்ன எண்டு நோனா கேக்கிறா." அந்த அம்மாவை நான் இன்றைக்கும் துஆவில் மறப்பதில்லை.

பிறகு, வேலையை யாருக்குக் கொடுப்பது என்று எங்களையே கேட்டார். பெண்கள் எல்லாரும் மாமியைத்தான் பார்த்தார்கள். ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடாதவள், எல்லாரையும் கூட்டி வந்தவள், ஊரில் எந்த வீட்டுக்கும் கேட்காமல் நுழையக்கூடியவள். சங்கம் கொடுக்கும் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு எப்படி நடப்பேன் என்று அவள் பல நாளாக நடந்து காட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சம்பளம் இருந்தால்தான் மகள் என்னிடம் இருப்பாள். வகுப்பை என் வீட்டுக்குள் கொண்டுவந்தவளிடம், எனக்கு விட்டுக்கொடு என்று எந்த வாயால் கேட்பேன்? தலையைக் குனிந்துகொண்டேன்.

மாமி எழுந்தாள்.

"எனக்கு இந்த வேல வேணும். பொய் செல்ல மாட்டேன். ஆனா எனக்குப் புருஷன் ஈக்கிறான். ஒண்ணுக்கும் ஒதவாதவன்தான், எண்டாலும் ஈக்கிறான். இவளுக்கு அந்த ஒதவாததும் இல்ல. இவளுக்கே குடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "படிச்சத மறந்தியோ, வேலி பாஞ்சி வந்து அடிப்பேன்" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். நான் அவள் கையைப் பிடித்தேன். வெற்றிலை துப்ப வேண்டும் என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

இத்தா முடிந்த மறுநாள் காலை மச்சான் திகனயிலிருந்து மாட்டுக் கரத்தை பிடித்துக்கொண்டு வந்தார். மகளுக்கு ஒரு புதுச் சட்டை, ஒரு பெட்டி மஸ்கட் இனிப்பு. நான் திரைக்குப் பின்னால் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதற்குள் வாசலில் வண்டி நிற்பதைப் பார்த்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்வாசலால் வந்துவிட்டார்கள்.

"மச்சான், புள்ளயத் தர மாட்டேன்" என்றேன். "எனக்குச் சங்கத்தில வேல கெடச்சீக்கி. நானே வளத்துக்குவேன்."

"வேலயா? பொம்பள ரோட்டுல எறங்கினா ஆரு புள்ளயப் பாக்கிற?" அவர் சத்தம் போடவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

"நாங்க பாப்போம்" என்றாள் ஒருத்தி. "எங்கட மடியிலதானே வளந்தா" என்றாள் இன்னொருத்தி. உள்ளேயிருந்து ஆளுக்கொன்றாகச் சொல்லத் தொடங்க, மாமியின் சத்தம் எல்லாவற்றுக்கும் மேலே போனது. மச்சான் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் குரல் மாறியது.

"வீட்டில அவ புள்ளைக்கிக் கட்டிலும் போட்டுட்டாளே தங்கச்சி. நான் போய் என்ன செல்லுவேன்?"

மகள் திரையை விலக்கிக்கொண்டு ஓடி, சட்டையைக் கேட்டு அவர் மடியில் ஏறினாள். அவர் போட்டுவிட்டார், உச்சந்தலையில் முத்தமிட்டார், தூக்கித் திரையோரம் என் பக்கமாக இறக்கிவிட்டார். "பெருநாளைக்கிக் கூட்டிட்டு வாங்க. அவ பாக்கணும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வெறும் கரத்தை பாதையில் இறங்கிப் போகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

அவர் மனைவிக்கும் சேர்த்துத்தான் நான் கடன்பட்டவள். கிடைக்க இருந்த பிள்ளையை விட்டுக்கொடுத்த வீடு அது.

பெண்கள் அவரவர் அடுப்பைப் பார்க்கப் போனதும் நான் கதவைச் சாத்தினேன். நாலு மாதமும் மகளை இழந்துவிடுவேனோ என்ற பயம் நெஞ்சு முழுக்க இருந்ததில், கணவருக்காகத் துக்கப்பட அங்கே இடமே இருக்கவில்லை. அவர் மவுத்தாகிவிட்டார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. புதுச் சட்டையோடு மகள் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதேன்.