மச்சான்கள் எழுதிய பத்திரம்

‘இப்’ என்னும் மலை நகரத்தின் நீதிமன்ற வாசலில் கிழிந்த குடையின் கீழ் உட்கார்ந்து பத்திரம் எழுதும் முக்பிலுக்கு உலகத்திலேயே பிடித்த சொல் ‘இருதரப்பும்’. இருதரப்பும் மனமொத்து, இருதரப்பும் முழுச் சம்மதத்துடன், ஒருவருக்கொருவர் கடமைப்பட்டு என்று அடுக்குவான். வீட்டுக்காரன் குடியிருப்பவனை மிரட்டி வாங்கிய ஒப்பந்தம்கூட அவன் பேனா பட்டால் காதல் கடிதம்போல மணக்கும். அழுதபடி கைநாட்டு வைத்தவர்கள், அவன் வாசித்துக் காட்டும்போது, ‘இவ்வளவு சந்தோஷமாகவா சம்மதித்தோம்!’ என்று திகைத்துப் போவார்கள்.

அவன் எழுதியதிலேயே அவனுக்குப் பெருமையானது அவனுடைய சொந்தக் கல்யாணப் பத்திரம். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவனும் மசாலாக் கடை ஹிஸாமும் தங்கைகளை மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். ஹிஸாமின் தங்கை நூரிய்யா இங்கே வந்தாள். முக்பிலின் தங்கை வர்தா அங்கே போனாள். பெண்ணுக்கு மஹர் பணம் கொடுக்கும் வேலை இரண்டு வீட்டுக்கும் இல்லை. இவன் அவனுக்கு மச்சான், அவன் இவனுக்கு மச்சான். எங்கள் மலைப்பக்கத்தில் இதையெல்லாம் வாய்ப்பேச்சிலேயே முடித்துக்கொள்வார்கள். முக்பில் விடுவானா? முத்திரைத்தாளில் எழுதினான். அங்கே பெருநாளுக்குப் புது உடுப்பு எடுத்தால் இங்கேயும் எடுக்கவேண்டும். அங்கே ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால் இங்கே இருப்பவளும் அன்றைக்கே திரும்பவேண்டும், பிள்ளைகள் தகப்பனோடு. கீழே இரண்டு மச்சான்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

போன ரமலானுக்கு முந்தின மாதம் வர்தா ஒரு பெட்டியோடும் வீங்கிய உதட்டோடும் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். குழம்பின்மேல் அடித்து ஊற்றும் வெந்தய நுரை சரியாகப் பொங்கவில்லையாம். ஹிஸாம் அடித்ததோடு நிறுத்தாமல், “போ உன் அண்ணன் வீட்டுக்கு” என்று கதவையும் சாத்திவிட்டான். பிள்ளையில்லாதவள், பெட்டியைத் தவிர தூக்கிவர அவளுக்கு ஒன்றும் இல்லை.

தங்கையின் உதட்டைப் பார்த்து முக்பிலின் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த மனிதன் என்ன செய்தான் தெரியுமா? அலமாரியைத் திறந்து பத்திரத்தை எடுத்தான்.

“நூரிய்யா, உன் துணிமணிய எடுத்து வை.”

ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “எதுக்கு?”

“இவ வந்துட்டா. இனி நீ போகணும். எழுதியிருக்கு.”

“நான் என்ன பண்ணினேன்?”

“நீ ஒண்ணுமே பண்ணல, என் கண்ணே. உன்னப் பிரிஞ்சா என் உயிரே போயிடும். ஆனா உன் அண்ணன் முந்திக்கிட்டானே! உன்ன வச்சிக்கிட்டா, முக்பில் தான் எழுதினதையே மீறிட்டான்னு கோர்ட்டு வாசல்ல சிரிப்பாங்க.”

“பிள்ளைங்க?”

“மூணும் என்கிட்டதான். அதுவும் எழுதியிருக்கு.”

கடைக்குட்டி ஓடிவந்து தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டது. அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தால் கல்லும் உருகும். முத்திரைத்தாளா உருகும்?

வர்தாவால் தாங்க முடியவில்லை. “நான் திரும்பிப் போயிடறேன் மதினி. அவர் அடிச்சா அடிச்சிட்டுப் போறார். நீங்க பிள்ளைங்களோட இருங்க.”

“நீ சும்மா இருடி,” என்று நூரிய்யா அவள் பெட்டியை உள்ளே இழுத்துப் போட்டாள். பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். “படிங்க, கேப்போம். யாரு யாருக்கு வாக்குக் குடுத்தது?”

“நான் ஹிஸாமுக்கு. அவன் எனக்கு.”

“நான் யாருக்காவது குடுத்தேனா?”

“உனக்காகத்தான் உன் அண்ணன்…”

“இவ?”

“இவளுக்காக நான்…”

“அப்ப இது நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்ட கல்யாணம்! எங்கள ஏன் இழுக்கறீங்க? கிளம்புங்க. அங்க அவனும் தனியாத்தான் இருக்கான். போய் மச்சானோட குடித்தனம் பண்ணுங்க.”

அவன் சிரிப்பதா கோபிப்பதா என்று யோசிப்பதற்குள் அவனுடைய சட்டை, சால்வை, பேனா, பத்திரம் எல்லாம் ஒரு மூட்டையாகி வாசலுக்கு வந்துவிட்டன. அவனும் வந்துவிட்டான். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. எதிர்வீட்டுக்காரி கபூல் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, “என்னடா முக்பில், புருஷன் வீட்டுக்கா? போறப்ப அழணும்டா, அதான் முறை!” என்றாள்.

ஒன்பது நாள் மச்சான் வீட்டில் கிடந்தான். யார் சமைப்பது என்று முதல் நாள், யார் கழுவுவது என்று மறுநாள் சண்டை. ஹிஸாம் உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் கேட்பான். முக்பில் கொண்டுபோய்க் கொடுத்தால், சூடு போதாது என்பான். நீதிமன்ற வாசலிலோ, “வீட்டுக்காரர் சௌக்கியமா?” என்று ஒருவன் பாக்கியில்லாமல் விசாரித்தார்கள். ஒன்பதாம் நாள் ஹிஸாம் வீசிய சட்டி முக்பிலின் நெற்றியில் பட்டது. அடி என்றால் வலிக்கும் என்று அன்றைக்குத்தான் அந்தப் பத்திர மேதைக்குத் தெரிந்தது.

மத்தியான மழையில் நனைந்தபடி வந்து தன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

“யாரு?”

“நான்தான். நெத்தியில ரத்தம்.”

“வர்தா எங்க இருப்பா?”

“இங்கதான். அவ இஷ்டப்படற வரைக்கும்.”

“நான்?”

“நீயும் இங்கதான்.”

“என் அண்ணன் வந்து என்னக் கூப்பிட்டா?”

கபூலின் ஜன்னல் திறந்தது. இன்னும் நாலு ஜன்னல்களும் திறந்தன.

“‘அவ வரமாட்டா’ன்னு சொல்லி அனுப்பறேன்,” என்றான் முக்பில்.

“எனக்குக் கேக்கல. அவங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க.”

தெரு முழுக்கக் கேட்கக் கத்தினான். கதவு திறந்தது. நெற்றிக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவள் வர்தாதான். நூரிய்யா அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. கடைக்குட்டி மட்டும் ஓடிப்போய் அவன் மடியில் ஏறியது. வீட்டுச் சாவி இன்றுவரை நூரிய்யாவின் இடுப்பில்தான் தொங்குகிறது.