உறவுக்காரர் இல்லாத ஆற்றங்கரை: ஜேடர்பாளையத்தில் இரண்டு நாள்

சேலத்திலிருந்து அதிக தூரம் போகாமல், சனி ஞாயிறு இரண்டு நாளும் ஆற்றங்கரையில் தங்கிவர ஓர் இடம் சொல்லுங்கள் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் சிலர் கேட்டிருந்தார்கள். நான் அப்படிப் போனது 1982, தை மாதக் கடைசியில். கட்டணங்கள் மாறியிருக்கும். காவிரி அதே இடத்தில்தான் ஓடுகிறது.

அப்போது நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். சாப்பாட்டுக்கு எட்டுப் பேர். பொங்கலுக்கு வந்த விருந்தாளிகள் ஒன்பது நாள் கழித்துத்தான் ஊருக்குக் கிளம்பினார்கள். கடைசி ஆளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று என் மனைவி சரசு ஒரு கோரிக்கை வைத்தாள். நகை, புடவை எல்லாம் இல்லை.

“ரண்டு நாளு அடுப்பு மூஞ்சீல முழிக்கக் கூடாதுங்க. தண்ணியப் பாத்துக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கோணும்.”

கல்யாணமாகிப் பதினோரு ஆண்டில் அவள் கேட்ட முதல் விடுமுறை அது. எனக்கு அந்தப் பதினோரு ஆண்டும் ஞாயிற்றுக்கிழமைகள் கேட்காமலே வந்துகொண்டிருந்தன. ஆகவே ஒப்புக்கொண்டேன்.

இடம் தேர்ந்தெடுப்பதுதான் சிரமம். எங்கள் பக்கத்துக்காரர்கள் ஒரு ஊருக்குப் போய் அங்கே உறவுக்காரர் வீட்டில் தங்காமல் விடுதியில் தங்கினால், செய்தி நமக்கு முன்னால் வீடு வந்து சேரும். பிறகு மூன்று கல்யாணம் வரைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. உறவுக்காரர் வீட்டில் தங்கினாலோ, அங்கேயும் ஓர் அடுப்பு இருக்கும். எனவே மாவட்ட வரைபடம் ஒன்றை விரித்து, சொந்தம் இருக்கும் ஊர்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தேன். வாழப்பாடியில் சரசுவின் பெரியம்மா. மேட்டூரில் என் அத்தை. திருச்செங்கோடு முழுவதுமே என் தாய்மாமன்கள். ஏற்காட்டுக்கு எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் அங்கே ஆறும் இல்லை, அஸ்தம்பட்டியில் பாதிப் பேரை அங்கே பார்க்கவும் நேரிடும். அடிக்கப்படாமல் மிஞ்சியது பரமத்தி வேலூருக்கு மேற்கே காவிரிக்கரையில் ஒரு துண்டு. அதில் ஜேடர்பாளையம் இருந்தது.

விசாரித்ததில் எல்லாம் பொருத்தமாக அமைந்தது. பாளையக்காரர் காலத்து அணைக்கட்டு, அதிலிருந்து பிரியும் ராஜ வாய்க்கால், கரையோரம் நான்கு ரூபாய் வாடகையில் ஒரு பயணியர் விடுதி. சமையல்காரரும் உண்டு என்றார்கள். எழுதிப்போட்டு அனுமதி வாங்கினேன். வீட்டில், பரமத்திக்கு ஒரு வேண்டுதல் என்று சொல்லி வைத்தோம். வேண்டுதல் இருந்தது உண்மை.

திருச்செங்கோடு வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் அங்கே பேருந்து நிலையத்துக்கு எதிரிலேயே என் மாமன் ஒருவர் போர்வெல் போடும் ரிக் லாரிக்கு ஸ்பேர் விற்றுக்கொண்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்காவிட்டாலும் அவர் ஏறி வந்து இறக்கிவிடுவார். எனவே காலை 6.10க்குச் சேலத்தில் நாமக்கல் பஸ். ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றரை மணி நேரம், ஆளுக்கு மூன்றரை ரூபாய். நாமக்கல்லில் இட்லி. அங்கிருந்து பரமத்தி வேலூருக்கு முக்கால் மணி நேரம். வேலூரில் டவுன் பஸ் ஏறி, இருபுறமும் கரும்பும் வாழையுமாகப் பதினான்கு கிலோமீட்டர். 10.40க்கு இறங்கினோம். பஸ் நிற்கிற இடத்திலிருந்தே தண்ணீர்ச் சத்தம் கேட்டது. சரசு கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த இரண்டு நிமிடத்தைப் பயணத்தின் முதல் பகுதியில் நல்ல இடமாகக் குறித்துக்கொள்ளலாம்.

விடுதி பூட்டியிருந்தது. சமையல்காரரின் மகளுக்குப் பிரசவம். முந்தின நாளே கிளம்பியிருந்தார். சாவி பக்கத்துத் தோட்டத்தில் இருப்பதாக வழியில் போன ஒருவர் சொன்னார். அந்தத் தோட்டம் நாச்சிமுத்து என்பவருடையது. ஐம்பது வயது, கரும்பு விவசாயி, சொந்தமாக வெல்ல ஆலை. கொட்டகையில் கொப்பரையில் கரும்புப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. சாவி கேட்டேன். சாவி எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் மோர் குடியுங்கள் என்று உட்கார வைத்தார். அடுத்து எந்த ஊர் என்றார். பூர்வீகம் திருச்செங்கோட்டுப் பக்கம் என்றேன்.

“அப்புடீங்களா. நீங்க என்ன கூட்டமுங்க?”

வெளியூர் வாசகர்களுக்காக: எங்கள் விவசாயக் குடும்பங்களில் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கூட்டத்தைச் சேர்ந்தது. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தம்பி, அதாவது பங்காளி. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். முன்பின் தெரியாத இரண்டு பேர் உறவாகிவிட இந்த ஒரு கேள்வி போதும். நான் இரண்டு வாரம் பென்சிலும் கையுமாகத் திட்டம் போட்டபோது, தெரிந்த உறவுகளை மட்டுமே அடித்தேன். தெரியாத உறவுகள் அப்படியே வரைபடத்தில் இருந்தன.

குடும்பத் தலைவன் என்ற முறையில் முந்திக்கொண்டு என் கூட்டத்தைச் சொன்னேன். நாச்சிமுத்து எழுந்து நின்றுவிட்டார். அவரும் அதே கூட்டம்.

இதன் விளைவை விளக்க வேண்டும். சரசுவின் கூட்டமும் அவர் கூட்டமும் ஒன்றாயிருந்தால், அவள் அந்த வீட்டில் பிறந்த பெண். கரண்டியைத் தொட விடமாட்டார்கள். நான் பங்காளியாகிவிட்டதால் அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்த பெண். வாழ வந்தவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்கு முன்னால் அவளுக்கே கூச்சமாகிவிடும். இறங்கிய முப்பத்தைந்தாவது நிமிடம் சரசு சமையலறையில் இருந்தாள். பங்காளி வந்ததற்காகச் சந்தகை பிழிந்தார்கள். வெந்த மாவை அச்சில் போட்டு, கைப்பிடியை ஆள் பலத்தோடு அழுத்த வேண்டும். நாச்சிமுத்துவின் மனைவி பழனியம்மா ஒரு பக்கம், சரசு ஒரு பக்கம். ஆலைக்காரர்களையும் சேர்த்துப் பதினாறு பேருக்கு. கதவு வழியாக அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க அவசியமில்லை. சந்தகை மிக மென்மையாக இருந்தது.

எனக்கு ஓய்வு முழுமையாகக் கிடைத்தது. தென்னந்தோப்பில் கட்டில், இரண்டு இளநீர், சுடச்சுட வெல்லப்பாகு. நான்கு மணிக்கு நாச்சிமுத்து அணையைச் சுற்றிக் காட்டினார். வாய்க்கால் எந்தெந்த ஊருக்குப் போகிறது, எந்த மடையில் யாருக்கும் யாருக்கும் சண்டை என்றெல்லாம் சொன்னார். பாளையக்காரர் வாய்க்கால் வெட்டியதை நேற்று நடந்த மாதிரியும், நேற்றைக்கு நடந்த மடைச் சண்டையைச் சரித்திரம் மாதிரியும் சொன்னார். பரிசலில் எதிர்க்கரை போய்வர ஐம்பது பைசா.

திரும்பி வரும்போது சரசு படித்துறையில் இருந்தாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கையில் ஒரு வெண்கலப் பானையும் புளியும். பக்கத்தில் பழனியம்மா.

நான் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தேன். “நம்மூட்டு அடுப்பு எட்டுப் பேருக்குங்க,” என்றாள் சரசு, பானையைப் பார்த்தபடியே. “ஆத்தோரத்துல ரண்டு பங்கு.”

பழனியம்மா என்ன விஷயம் என்று கேட்க, சரசு ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அடுப்பிலிருந்து தப்பிக்கத்தான் வந்தோம் என்பது பங்காளி வீட்டில் சொல்லக்கூடிய பேச்சா? பழனியம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னார்:

“நா இந்த ஊட்டுக்கு வந்து இருவத்திரண்டு வருசமாச்சு, அம்முணி. பரிசல்ல ஒருக்காக்கூட ஏறுனதில்ல.”

இரவு ஒருவழியாகச் சாவி கிடைத்து விடுதியில் படுத்தோம். மறுநாள் காலை நாங்கள் அங்கிருந்து வந்தபோது பழனியம்மா வாசலில் நின்று கணவரிடம் பேசிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து பங்காளி வந்திருக்கிறார். வெறும் ரசத்தை ஊற்றி அனுப்பினால் நன்றாயிருக்காது. ஆற்றோரம் கறிச்சோறு ஆக்க வேண்டும் என்பது பேச்சின் சாரம். நாச்சிமுத்து மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டு, கோழி பிடிக்க ஆள் அனுப்பினார். பிறகுதான் பழனியம்மா அடுத்ததைச் சொன்னார்.

“அப்ப நாங்க வாரமுங்க. வெளியடுப்பு ஆம்பளைங்களுதுதானுங்களே.”

இது எங்கள் பக்கத்து வழக்கம். கோயில் கிடாவெட்டானாலும் தோட்டத்துக் கறிச்சோறானாலும், வீட்டுக்கு வெளியே மூன்று கல் கூட்டினால் அது ஆண்களின் அடுப்பு. பெண்கள் போய்க் கிண்டினால் அந்த ஆண்களுக்குத்தான் கேவலம். நாச்சிமுத்து என்னைப் பார்த்தார். நான் அணைக்கட்டைப் பார்த்தேன். இரண்டு பெண்களும் வரப்பில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு படி சின்ன வெங்காயம் உரித்தேன். விறகு ஈரம். புகையில் இருவருக்கும் கண் தெரியவில்லை. நடுவில் நாச்சிமுத்து, “ஏனுங் பங்காளி, உப்பு போட்டாச்சுங்களா?” என்றார். போட்டதாக நினைவு என்றேன். அவருக்கும் அதே நினைவு இருந்திருக்கிறது. ஒன்றரை மணிக்கு அவர்கள் ஈரத் தலையோடு வந்து, இலை போட்டு உட்கார்ந்து, பரிமாறச் சொல்லிச் சாப்பிட்டார்கள். உப்பைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் அடிக்கடி கேட்டார்கள்.

நாலரை மணி டவுன் பஸ்ஸில் கிளம்பினோம். கேட்டது இரண்டு நாள். கிடைத்தது ஐந்து மணி நேரம். அதற்கு நான் வருத்தம் தெரிவித்தேன். சரசு நாமக்கல் வரை தூங்கினாள்.

போக விரும்புகிறவர்களுக்கு: பொங்கலுக்குப் பிறகு மாசி வரை வெயில் தாங்கும், வெல்லம் புதிதாகக் கிடைக்கும். சமையல்காரர் இருக்கிறாரா என்று இரண்டு முறை விசாரியுங்கள். கூட்டம் கேட்டால் மனைவியைப் பேச விடுங்கள். பார்க்க வேண்டியவை எவை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் அணைக்கட்டைச் சொல்வேன். சரசு சொல்வது வேறு. ராசிபுரம் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பாதி ஆத்துல பழனியக்கா பரிசல நிறுத்தச் சொன்னாங்க. கரையில பொகை தெரிஞ்சுதுங்க. அதையே பாத்துக்கிட்டு இருந்தோம்.”

பகல் பதினொரு மணி வாக்கில் நன்றாகத் தெரியுமாம். பரிசலுக்கு ஐம்பது பைசா; நிறுத்தி வைப்பதற்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.