பாப்பாக்காவும் மேளம் தட்டும் கரடியும்

ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாரும் அவளைப் ‘பாப்பாக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வயது நாற்பத்தொன்று, மைக்கின் முன் நின்றால் ஆறு. பொம்மை விளம்பரங்களில் அடம்பிடிக்கும் குழந்தையின் குரல் பல வருடங்களாக அவளுடையதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொந்தக் குரலில்தான் பேசினாள். “உங்கள் குழந்தையின் அறிவை வளர்க்க...” என்று பெற்றோரிடம் பொம்மைகள் பணிவாக விண்ணப்பம் போட்ட காலம் அது. பிறகு எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ, பெற்றோரை ஓரங்கட்டிவிட்டு நேரே பிள்ளைகளிடமே பேச ஆரம்பித்தார்கள். கார்ட்டூன்களுக்கு நடுவே “எனக்கு இப்பவே வேணும்!” என்று கத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. நிஜக் குழந்தைகள் பத்தாவது தடவை கத்தச் சொன்னால் அழுதுவிடும். இவள் அழவில்லை.

இப்போது அந்த வேலைக்கே ஆபத்து. மேளம் தட்டும் கரடிக்கு ஒரே விளம்பரத்தை இரண்டு குரல்களில் தயாரித்திருந்தார்கள். ஒன்றில் இவள், மற்றதில் நிஜமான ஆறு வயதுச் சிறுமி. எட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டையும் போட்டுக் காட்டுவார்கள். எதற்கு அதிகக் கை உயர்கிறதோ, அந்தக் குரலுக்குத்தான் இனி வேலை.

அன்று ஏழு பிள்ளைகள்தான் வந்தன.

“உங்க பொண்ணு வெளிய சும்மாதானே உக்காந்திருக்கா? அவளையும் உள்ள அனுப்புங்கக்கா,” என்றார் மேலாளர்.

அனுப்பினாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறோம் என்று இருவருக்குமே உறைக்கவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்தாள். சிறுமியின் குரலுக்கு ஐந்து கைகள். அடுத்து இவள் குரல். ஆறு, ஏழு... கைகள் உயர்ந்துகொண்டிருந்தபோதே மகள் எழுந்து நின்றாள்.

“ஐயே, அது எங்கம்மா!”

“புளுகாத. அது பாப்பா,” என்றான் பக்கத்திலிருந்த பையன்.

“எங்கம்மாதான்! அவங்களுக்குப் பொம்மையே பிடிக்காது. கீழ கிடந்தா எடுத்துப் பரண்ல போட்டுடுவாங்க.”

கைகள் இறங்கின. “அப்போ உங்கம்மாவ வரச் சொல்லு, பாக்கலாம்!” என்று கூச்சல் கிளம்பியது. வேறு வழியில்லாமல் உள்ளே போய் “எனக்கு இப்பவே வேணும்!” என்று கத்திக் காட்டினாள். பிள்ளைகள் வாயைப் பிளந்தன. “இன்னொரு தடவை! இன்னொரு தடவை!” கரடி மூலையில் தன்பாட்டுக்கு மேளம் தட்டி ஓய்ந்தது.

கை எண்ணிக்கை குறிக்கும் தாளை மேலாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எட்டுப் பேரும் கேட்டாங்கக்கா. உங்களை. கரடிய ஒருத்தர்கூடக் கேக்கல. இதை எந்தக் கட்டத்துல எழுதறது?”

“நான் ஜெயிச்சேனா தோத்தேனா சார்?”

“எனக்கே புரியல. ஆனா விக்க வேண்டியது கரடிதானே? அந்தப் பொண்ணையே வெச்சுக்கறோம்.”

பாராட்டா, சீட்டுக் கிழிப்பா? பேருந்தில் ஏறி உட்கார்ந்தும் அவளுக்குப் பிடிபடவில்லை. மகளைத் திட்டலாம் என்று பார்த்தால், அவள் பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லை.

“அம்மா, எனக்கு அந்தக் கரடி வேணும்,” என்றாள் மகள். அதே இழுப்பு, அதே ஏற்றம்.

“நெஜமாவே வேணுமா, நான் கத்தினதால வேணுமா?”

மகள் உதட்டைப் பிதுக்கினாள். “தெரியலம்மா. உனக்கு வேணுமா?”

இத்தனை வருடம் வேணும் வேணும் என்று கத்தியவளை யாரும் இதைக் கேட்டதில்லை. பதில் சொல்ல வாய் திறந்தாள். எந்தக் குரலில் சொல்வது என்று தெரியவில்லை.